முதலாளி படிக்க வெச்ச பொண்ணு

— நாற்காலியில உக்காருங்க மேடம். ஒரு கால் கொஞ்சம் ஆடும். அதுக்காக வீட்டைப் பூட்டி சீல் வெச்சுடாதீங்க, படுக்கறதுக்கு எங்களுக்கு வேற இடம் கிடையாது.

— அப்பா, நான் வந்ததுலேருந்து இதே பேச்சு. மேடம் மேடம்னு கூப்பிடறதை முதல்ல நிறுத்துங்க.

— ஐயோ, மரியாதை குறையலாமா? காலையில லாண்டரியில அத்தனை பேர் முன்னாடியும் நீங்கதானே சொன்னீங்க, "ஆபரேட்டர், நீங்க தள்ளி நில்லுங்க"ன்னு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அந்த பாய்லர் பக்கத்துல நின்னவன் நான். சொன்னதும் தள்ளி நின்னேனா இல்லையா?

— நின்னீங்க.

— நின்னேன். பெத்த பொண்ணு வாயால ஆபரேட்டர்னு கூப்பிட்டா எந்த அப்பனுக்குத்தான் கால் தானா நகராது?

— அங்க வெச்சு அப்பான்னு கூப்பிட முடியாதுப்பா. நான் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரா வந்திருந்தேன். கூட ஆபீஸ் ஆளுங்க இருந்தாங்க.

— அதைத்தான் நானும் சொல்றேன். அங்க நான் உனக்கு ஆபரேட்டர், இங்க நீ எனக்கு மேடம். முன்னெல்லாம் முதலாளி மட்டும்தான் என்னைத் தள்ளி நில்லுன்னு சொல்வாரு. உன்னைப் படிக்க வெச்சப்புறம் நீயும் சொல்றே. குடும்பம் முன்னேறிடுச்சு.

— அம்மா எங்க?

— பின்பக்கம், குழாயடியில. லாண்டரியில வேலை பாக்கற பொம்பளைங்க மொத்தமும் அங்கதான் இருக்காங்க. உன்னைத் திட்ட வந்தவங்களுக்கு உங்கம்மா டீ போட்டுக் குடுத்துட்டு இருக்கா. நல்லா திட்டணும்னா தொண்டை நனையணும் இல்ல?

— என்ன சொல்லித் திட்டறாங்க?

— புதுசா ஒண்ணும் இல்ல. "ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரித் துணியும் ஹோட்டல் துணியும் துவைச்சுப் பொழைச்சோம், பாய்லரைப் பூட்டி எங்க வயித்துல அடிச்சுட்டா"ன்னு. ஆவி இல்லாம வாஷிங் மெஷினும் ஓடாது, துணி தேய்க்கற ரோலரும் சுத்தாது, எல்லாருக்கும் இன்னிக்கு மத்தியானமே லீவு விட்டாச்சு. லீவு கிடைச்சா சந்தோஷப்படணும். இந்த ஜனங்களுக்கு அது கூடத் தெரியல.

— மூடி வெச்சிருக்கற நாளுக்கும் முதலாளி சம்பளம் குடுத்தாகணும். சட்டத்துல இருக்கு.

— இருக்கா? அப்பாடா. உங்கம்மாகிட்ட சொல்லிடறேன், இன்னிக்கு உலை வைக்க வேண்டாம்னு. சட்டத்தையே தட்டுல போட்டு ஆளுக்குக் கொஞ்சம் பிசைஞ்சு சாப்பிட்டுக்கலாம்.

— அப்பா, அந்த பாய்லர் வெடிச்சிருந்தா குழாயடியில திட்டறதுக்கு ஆள் இருந்திருக்காது. ரோலர் மெஷின் எல்லாம் பாய்லர் சுவத்துக்கு மறுபக்கம்தான் இருக்கு. அம்மா தினமும் நிக்கிற இடம் அது.

— வெடிச்சுதா?

— வெடிக்கல.

— வெடிக்காத பாய்லருக்கு எதுக்கு சீல்? வெடிச்சதுக்கு அப்புறம் வந்து வெச்சிருந்தா ஊரே உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். பேப்பர்ல படம் போட்டிருப்பாங்க. இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம், நேரம் பாத்து ஒரு காரியம் செய்யத் தெரியலையே உனக்கு.

— சேஃப்டி வால்வுல இஸ்திரிப் பெட்டி தொங்குதுப்பா!

— தொங்கிச்சு. இப்ப இல்ல. நீதான் கழட்டி, பையில போட்டு, பைக்கும் சீல் வெச்சு எடுத்துட்டுப் போயிட்டியே. இஸ்திரிப் பெட்டிக்கு இவ்வளவு மரியாதை இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல.

— ஆவி அளவுக்கு மீறி ஏறினா தானா திறந்து வெளிய விடறதுக்குத்தான் அந்த வால்வு. அது திறந்துடவே கூடாதுன்னு, அதோட நீட்டுக் கம்பியில இரும்பு இஸ்திரிப் பெட்டியக் கட்டித் தொங்க விட்டிருக்கு. உலகத்துல எங்கயாவது இப்படிக் கேள்விப்பட்டிருக்கீங்களா?

— லாண்டரி இல்லையா அது? இஸ்திரிப் பெட்டி தொங்காம பூந்தொட்டியா தொங்கும்?

— எனக்குச் சிரிப்பு வரல.

— எப்படி வரும்? அதிகாரிங்க சிரிக்கணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணுமே.

— உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன், அந்த வேலைய விட்டுடுங்கன்னு.

— விட்டுட்டு? உன் ஜீப்புக்குக் கதவு திறந்து விடவா?

— ஒரு கேள்விக்காவது நேரா பதில் சொல்லுங்க. நான் ஏணியில கால் வெச்சதும் ஓடி வந்து என் கையப் பிடிச்சு இழுத்தீங்களே, அது எதுக்கு? அதனாலதான் தள்ளி நில்லுங்கன்னு சொல்ல வேண்டியதா போச்சு. பாத்தவங்க என்ன நினைச்சிருப்பாங்க? இன்ஸ்பெக்டர் கண்ணுல படக்கூடாததை ஆபரேட்டர் மறைக்கப் பாக்கறார்னு தானே?

— வழுக்குமேன்னு பிடிச்சேன். அங்க எப்பவும் ஈரம்.

— பொய்.

— சரி, பொய். மேடம் சொன்னா பொய்தான். எழுதிக்கோ. ஆமா, தெரியாமதான் கேக்கறேன். உங்க ஆபீஸ்ல வேற ஆளே கிடையாதா? எங்கப்பா வேலை செய்யற இடம், நான் போக மாட்டேன்னு சொல்ல வாய் வரலையா?

— சொன்னேன். பெரிய ஆபீசர் சிரிச்சார். "இந்த வட்டாரம் மொத்தத்துக்கும் இருக்கறது ரெண்டு இன்ஸ்பெக்டர். ஒருத்தருக்கு முதுகுவலி. மிச்சம் நீதான். உனக்குச் சொந்தக்காரங்களே வேலை செய்யாத ஃபேக்டரியா ஒண்ணு கட்டச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டார்.

— நல்ல மனுஷனா இருக்காரே. ஏறக்குறைய என்னை மாதிரியே பேசறாரு.

— உங்க லாண்டரிய முடிச்சுட்டு ஜீப் நேரா அட்டைப்பெட்டி ஃபேக்டரிக்குப் போச்சு. அங்கேருந்து நேரா இங்கதான் வரேன். ஆபீசுக்குக் கூடப் போகல. காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடல. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான்...

— சாப்பாடு இருக்கு. ஆனா மேடம் வாய்க்கு எட்டுமோ எட்டாதோ. பருப்பு கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு, பாத்திரத்துல சேஃப்டி வால்வு இல்ல.

— அப்பா, நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளுங்க...

— இரு. வெளிய கார் சத்தம். இந்தச் சந்துக்குள்ள காரைத் திணிக்கற தைரியம் ஒரே ஒருத்தருக்குத்தான் உண்டு.

— முதலாளியா? அவர் ஏன் இங்க வர்றார்? நான் இப்ப அவரை வீட்டுல வெச்சுப் பாக்கவே கூடாது. முறை இல்ல.

— அப்ப பீரோவுக்குள்ள ஒளிஞ்சுக்கோ. அப்படியே உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாத்த மாதிரியும் ஆச்சு... வாங்க முதலாளி! உள்ள வாங்க! நிலை தாழ்வா இருக்கும், தலைய இடிச்சுக்காதீங்க. இடிச்சா மேடம் நிலைக்கும் நோட்டீஸ் குடுத்துடுவாங்க.

— இருக்கட்டும் பாய்லரு, இருக்கட்டும், எழுந்திருக்காதே. நம்ம வீடுதானே. பாப்பா! எப்படிம்மா இருக்கே? காலையில ரெண்டு வார்த்தை பேசக் கூட முடியல. நீ வந்த வேகம் என்ன, பூட்டின வேகம் என்ன! ஒரு வாய் தண்ணி குடும்மா.

— இந்தாங்க சார்.

— பாத்தியா பாய்லரு, எவ்வளவு உசரத்துக்குப் போனாலும் தன் கையால தண்ணி மோந்து குடுக்கறா. இதுதான் படிப்பு. தங்கம்யா உன் பொண்ணு, தங்கம்.

— சார், சீல் சம்பந்தமா பேசணும்னா நீங்க ஆபீசுக்குத்தான் வரணும். வீட்டுல வெச்சுப் பேசக்கூடாது.

— சீலா? யாரும்மா சீலைப் பத்திப் பேச வந்தா? நான் என் பொண்ணைப் பாக்க வந்தேன். நம்ம குடும்பத்துக்குள்ள சீலு கீலுன்னு என்ன பேச்சு... ஐயையோ, என்ன பாய்லரு, நாற்காலி ஆடுது!

— உக்காருங்க முதலாளி, பழகிடும்.

— சரி, பாப்பா. காலையில ஜீப் உள்ள நுழையும்போது கேட்டுல ஒரு போர்டு கண்ணுல பட்டிருக்கணுமே?

— பட்டுச்சு சார்.

— என்ன எழுதியிருக்கு?

— "கல்வி வாழ்க்கையை மாற்றும்."

— அதுக்குக் கீழ?

— என் படம். பட்டம் வாங்கின அன்னிக்குக் கறுப்பு அங்கியோட எடுத்தது. பக்கத்துல உங்க படம்.

— முதலாளி படம் கொஞ்சம் பெருசு. கல்வியை விடவே ஒரு சாண் பெருசு.

— அது பெயிண்டர் பண்ணின தப்பு பாய்லரு. நான் சின்னதாத்தான் போடச் சொன்னேன். நான் என்ன சொல்ல வர்றேன்னா பாப்பா, ஹோட்டல்காரங்க வரட்டும், ஆஸ்பத்திரிக்காரங்க வரட்டும், முதல்ல அந்த போர்டு முன்னாடிதான் நிறுத்துவேன். "எங்க பாய்லர் ஆபரேட்டரோட பொண்ணு. நாங்க படிக்க வெச்சோம். இன்னிக்கு அரசாங்க அதிகாரி"ன்னு சொல்வேன். அவங்க கண்ணு கலங்கும். அப்புறம்தான் உள்ள கூட்டிட்டுப் போய் ரேட்டு பேசுவேன்.

— கலங்கின கண்ணுக்கு ரேட்டு சரியா தெரியாது இல்லையா சார்.

— சிரி, சிரி. வருஷா வருஷம் தொழிலாளிங்க பிள்ளைங்களை உக்கார வெச்சு உன்னைப் பேசச் சொல்வேனே, அதெல்லாம் மறந்து போச்சா? "படிச்சா என்னை மாதிரி ஆகலாம்"னு நீ சொன்னதும் எப்படிக் கை தட்டுவாங்க!

— மறக்கல சார். பேச்சை நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. "முதலாளி"ங்கற வார்த்தை அதுல எங்கெங்க வருமோ அங்க எல்லாம் கொஞ்சம் நிறுத்தி, கை தட்ட இடம் குடுக்கணும்னு சொல்லியும் குடுத்தீங்க.

— சொல்லிக் குடுத்தேன் இல்ல? மனசார சொல்லிக் குடுத்தேன். அதுக்குக் கைம்மாறா இன்னிக்கு நீ என்ன பண்ணினே? வாழ்க்கை மாறணும்னுதாம்மா படிக்க வெச்சேன். உன் வாழ்க்கை. என் வாழ்க்கைய வந்து மாத்துன்னு நான் சொல்லவே இல்லையே!

— யார் வாழ்க்கைன்னு போர்டுல போடலையே சார்.

— அதுவும் பெயிண்டர் பண்ணின தப்புதான் முதலாளி. ஆளை மாத்துங்க.

— பாய்லரு, நீ கொஞ்சம் வாயை மூடிட்டு இரு. சரி பாப்பா, நேராவே வரேன். உன் ரிப்போர்ட்ல அந்த இஸ்திரிப் பெட்டி மட்டும் வேண்டாம். வால்வு பழசாயிடுச்சு, புதுசு மாத்தணும், அவ்வளவுதான்னு எழுது. மாத்திடறேன். மனசார சொல்றேன், மாத்திடறேன். ஆஸ்பத்திரித் துணி மலையாக் குவிஞ்சு கிடக்கு. நோயாளிங்க அழுக்கு விரிப்புல படுக்கணுமா? பாவம் இல்லையா அவங்க?

— நோயாளிங்க மேல இருந்த அக்கறையில கொஞ்சம் வால்வு மேலயும் இருந்திருந்தா போன வருஷமே புதுசு மாத்தியிருக்கலாம் சார். மாத்தறேன்னு அதுக்கு முந்தின தடவையே எங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கீங்க.

— போன தடவை வந்தவர் ஒரு மனுஷன். பாய்லர் ரூம் பக்கமே போகல. என் ரூம்ல ஏசியில உக்காந்தாரு, ஜில்லுன்னு ஒண்ணு குடிச்சாரு, எல்லாம் திருப்தின்னு எழுதினாரு, போயிட்டாரு. ஏணியில ஏறணும்னு அவருக்குத் தோணவே இல்ல.

— அவருக்குத்தான் சார் இப்ப முதுகுவலி.

— நல்லா பேசறே. இதுக்கும் சேர்த்துத்தான் நான் ஃபீஸ் கட்டியிருக்கேன் போலிருக்கு. சரி, வேற ஒண்ணு கேக்கறேன். ரோலர்ல உங்கம்மா பக்கத்துல நிக்கிறாளே, ஒல்லியா ஒருத்தி, அவ பொண்ணுக்கு இந்த வருஷம் காலேஜு. நர்சிங் சேரணும்கறா. நான்தான் கட்டறேன்னு வாக்கு குடுத்திருந்தேன். இப்ப யோசனையா இருக்கு.

— அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?

— பயம்தாம்மா சம்பந்தம். ஒரு பிள்ளையப் படிக்க வெச்சேன், பாய்லர் போச்சு. இன்னொண்ணைப் படிக்க வெச்சா அது ஊசியோட வந்து நிக்குமோ என்னமோ! இனிமே எந்தப் பிள்ளைக்கும் கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவ அம்மா குழாயடியிலதான் நிக்கிறா. நான் வரும்போது எவ்வளவு மரியாதையா வணக்கம் சொன்னா தெரியுமா? நீயே போய் அவகிட்ட சொல்லிடறியா பாப்பா? பேச்சுல கெட்டிக்காரி ஆச்சே நீ.

— அதைப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது சார்.

— மேடத்துக்கே வாய் வராதா? இந்த நாளைக் குறிச்சு வெச்சுக்கணும்.

— அப்பா, சும்மா இருங்க. சார், அந்தப் பொண்ணோட படிப்புக்கு என்ன வழின்னு எனக்குத் தெரியல. தேடணும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். என்னாலதான் போச்சுன்னு அவ நினைப்பா, அது எனக்குத் தெரியும். ஆனா அவ அம்மா நிக்கிறது பாய்லர் சுவத்துக்குப் பக்கத்துல. நர்சு ஆகி முதல் முதல்ல தன் அம்மாவுக்கே அவ கட்டுப் போடணுமா? படிப்பு வேணுமா அம்மா வேணுமான்னு அவளைக் கேக்கச் சொல்றீங்க. என்னால முடியாது.

— அடேங்கப்பா. இதை நான் எழுதிக் குடுக்கலையே.

— இல்ல சார். இது நானே பேசறது.

— சரி. குடும்பமாப் பேசிப் பாத்தேன், எடுபடல. சட்டமே பேசுவோம். வால்வுல அந்தப் பெட்டியக் கட்டினது யாரு? உங்களைத்தான் கேக்கறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. பாய்லரை ஓட்டறவர் ஆபரேட்டர். லைசென்ஸ் அவர் பேர்ல. வால்வுக்குப் பொறுப்பு அவர். நான் ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்கறவன். எனக்கு வால்வு எது, வாளி எதுன்னு தெரியுமா?

— முதலாளி, நீங்கதானே கட்டச் சொன்னீங்க?

— நான் சொன்னதை யாராவது கேட்டாங்களா பாய்லரு? "வால்வு அடிக்கடி திறந்துக்குது, ஆவி வீணாப் போகுது, ஏதாவது பண்ணு"ன்னு சொன்னேன். ஏதாவது பண்ணுன்னா இஸ்திரிப் பெட்டியத் தொங்க விடுன்னா அர்த்தம்?

— பெட்டிய உங்க கையாலதான் எடுத்துக் குடுத்தீங்க.

— வீட்டுல துணி தேய்ச்சுக்கோன்னு குடுத்திருப்பேன். நான்தான் எல்லாருக்கும் எல்லாம் குடுக்கறவன் ஆச்சே. பாப்பா, உனக்கு இன்னும் சந்தேகம்னா உங்கப்பாவையே கேளு, கட்டினது யாரு கைன்னு.

— கேக்க வேண்டாம் சார். ஏணியில ஏறினதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு சுத்து சுத்தி, நுனிய உள்ள விட்டு மடக்கின முடிச்சு. என் ஸ்கூல் பை வார் அறுந்தப்போ எல்லாம் அப்பா அப்படித்தான் கம்பி போட்டுக் கட்டுவார். கையக் கிழிக்கக் கூடாதுன்னு நுனிய உள்ள மடக்குவார்.

— அப்ப வசதியாப் போச்சு. சாட்சியும் நீயே, அதிகாரியும் நீயே. வக்கீலை விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். லைசென்ஸ் போறது நிச்சயம், ஜெயிலும் உண்டாம். பாரு, நான் மிரட்டல. நம்ம குடும்பம் இது. வால்வு பழசுன்னு எழுது, எல்லாரும் திங்கக்கிழமை வேலைக்கு வரட்டும், அந்தப் பொண்ணும் காலேஜுக்குப் போகட்டும், அப்பாவை சூப்பர்வைசர் ஆக்கறேன், வயசான காலத்துல ஃபேனுக்குக் கீழ உக்காரட்டும். இல்லையா, படிச்ச படிப்பைக் காட்டு. பெத்தவரைக் குத்தவாளின்னு உன் கையால எழுது. அதையும் போர்டுல சேர்த்துடறேன்.

— அப்பா, இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

— எதை?

— ரிப்போர்ட்ல உங்க பேர் வரும்னு. இன்னும் எழுதல. எழுத உக்காந்தா உங்க பேரை எழுதித்தான் ஆகணும். வந்ததுலேருந்து சொல்லணும் சொல்லணும்னு வாயெடுக்கறேன், நீங்க மேடம் மேடம்னு கேலி பண்ணிப் பண்ணி சொல்லவே விடல.

— தெரிஞ்சுதான் விடல.

— என்னது?

— நீ வாசல்ல வந்து நின்ன தோரணையிலயே தெரிஞ்சுது. பரிட்சையில மார்க் குறைஞ்சா இப்படித்தான் நிப்பே. சரி, என்ன எழுதப் போறே?

— நடந்ததை.

— என் பேரோட?

— உங்க பேரோட. இவர் சொல்லித்தான் நீங்க கட்டினீங்கன்னும் எழுதுவேன். ஆனா அது நிக்காதுப்பா. "அப்பனைக் காப்பாத்தப் பொண்ணு இட்டுக்கட்டினது"ன்னு இவர் வக்கீல் அதை ஊதித் தள்ளிடுவார். கடைசியில உங்க பேர் மட்டும்தான் மிஞ்சும். அது தெரிஞ்சேதான் எழுதப் போறேன்.

— பாத்தியா பாய்லரு, எப்படிப் புட்டு புட்டு வைக்கறா! நான் கட்டின ஃபீஸ்ல ஒரு காசு வீண் போகல.

— அழறியாம்மா?

— இல்லப்பா.

— மேடம் அழக்கூடாது. முகத்தைத் துடை. கேட்டியே, ஏணியில ஏறும்போது கைய ஏன் பிடிச்சேன்னு.

— வழுக்கும்னு சொன்னீங்க.

— அந்தப் பெட்டி தொங்க ஆரம்பிச்சதுலேருந்து தினமும் அதுக்குக் கீழ உக்காந்துதான் சாப்பிடறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்கம்மா, அவ பக்கத்துல அந்த ஒல்லிப் பொம்பளை, இன்னும் யார் யாரோ. ஒரு நாள், ஒரு பொழுது பயம் வந்ததில்ல. வெடிக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், நம்பியும் தொலைச்சேன். நீ கால் வெச்ச பாரு முதல் படியில, அப்பதான் ஐயோ வெடிச்சுடுமேன்னு தோணிச்சு. கை தானா வந்து உன்னைப் பிடிச்சுது.

— அப்பா...

— என் பொண்ணு பக்கத்துல நின்னா அது பாய்லர். மத்தவங்க பெத்த பொண்ணுங்க நின்னா அது வெந்நீர் அண்டா. எப்பேர்ப்பட்ட மனுஷன் பாரு உங்கப்பன். எனக்கும் கேட்டுல ஒரு போர்டு வைக்கலாம்.

— பாய்லரு, உணர்ச்சிவசப்படாதே. பாப்பா ராத்திரி யோசிக்கட்டும், நாளைக்குக் காலையில பேசிக்கலாம்.

— நாளைக்கு எதுக்கு முதலாளி? அந்தத் தண்ணியக் குடிச்சு முடிங்க. காரைச் சந்துலேருந்து ரிவர்ஸ்லதான் எடுக்கணும், அதுக்கு வேற நேரம் ஆகும். வக்கீல் தூங்கறதுக்குள்ள நீங்க போய்ச் சேர வேண்டாமா?

— வக்கீல்கிட்ட எனக்கு இப்ப என்னய்யா வேலை? எழுத வேண்டியவ இன்னும் எழுதவே இல்லையே!

— அவ எழுதறதுக்கு முன்னாடியே நான் முந்திக்கிட்டேன் முதலாளி. ஜீப்பு அட்டைப்பெட்டி ஃபேக்டரிக்குப் போன நேரத்துல நான் இவ ஆபீசுக்குப் போய், கட்டினவன் நான், கட்டச் சொன்னவர் நீங்கன்னு அந்தப் பெரிய ஆபீசர் முன்னாடி ரெண்டு பேர் பேரையும் சொல்லிக் கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன். நீங்களும் கூட வந்துடுங்க, ஜெயிலுக்கெல்லாம் தனியாப் போக எனக்குக் கூச்சமா இருக்கும்.